நாக்கண்ணனின் பனியன்

டிராமில் அந்தக் கர்ப்பிணி ஏறியதும் அவளைச் சுற்றி இடம் காலியானது. ஒருவர் ஜன்னலோரமாக நகர்ந்துகொண்டார். இன்னொருத்தி, இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதுபோல எழுந்து படிப்பக்கம் போய் நின்றாள். எதிரில் இருந்தவன் தொப்பியைக் கழற்றி மூக்குக்கு நேராக விசிறிக்கொண்டான். அந்த வண்டியில் நாறாதவர் ஒருவரும் இல்லை. ஊர் சோப்பைக் கண்ணால் பார்த்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. ஆனாலும் அவள் மீன் சந்தையில் செதில் சுரண்டுகிறவள்; அவள் வாடை மற்றவர்கள் வாடையை அமுக்கிவிட்டது. காலியான இருக்கையை அவள் பார்த்தாள். உட்காரக் கூசி, வயிற்றில் ஒரு கையும் கம்பியில் ஒரு கையுமாகத் தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பின்னாலிருந்து ஓர் ஒல்லியான ஆள் எழுந்து வந்தார். "உட்காரும்மா. நீ நிக்கிறதைப் பார்த்தா எனக்குக் கால் வலிக்குது" என்று அவளை உட்கார வைத்துவிட்டு, தானும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். ரொட்டியைப் பிட்டுப் பிட்டு, அவசரமே இல்லாமல் மென்று தின்னத் தொடங்கினார். நாற்றம் தாங்காத இடத்தில் எந்த மனுஷனும் சாப்பிட மாட்டான். அது எல்லாருக்கும் தெரியும். அவர் தின்னத் தின்ன அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. விசிறிக்கொண்டிருந்தவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டான்.

வண்டியின் கடைசியில், கூட்டத்துக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய தங்கை. அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அன்று வீட்டில் அண்ணி, "ராத்திரிக்கு வெச்சிருந்த ரொட்டி எங்கே? வழியிலேயே முழுங்கியாச்சா?" என்று கேட்டாள். "பசிச்சுது" என்றார். அதோடு சரி.

அவரை ஆலையில் எல்லாரும் நாக்கண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆற்றோரத்துச் சோப்பு ஆலையில், ஓர் அறை அகலத்துக்கு இருக்கும் கொப்பரையில் கொழுப்பையும் காஸ்டிக் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சுவது அவர் வேலை. சோப்பு பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க, துடுப்பு நுனியில் கொஞ்சம் எடுத்து, ஊதி ஆறவைத்து, நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். சுருக்கென்று கடித்தால் இன்னும் கொழுப்பு வேண்டும். கடிக்காவிட்டால் இறக்கலாம். எல்லா ஆலையிலும் இப்படித்தான். கொப்பரைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். இவர் அதிக காலம் செய்ததால் பெயர் இவருக்கு ஒட்டிக்கொண்டது. நாக்கு மரத்துப்போய், எதைச் சாப்பிட்டாலும் உப்பு போதவில்லை என்பார். அண்ணிக்கு அதில் தீராத மனத்தாங்கல். "கல்யாணமான புதுசுல உங்க அண்ணன் முத்தம் குடுத்தாக்கூட, காரம் சரியா இருக்கான்னு பார்க்கிற மாதிரியே இருக்கும்" என்று நாத்தனாரிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர் காது சிவந்துபோய் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

பித்தான் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை. அதில் அவர், அண்ணி, தங்கை மூன்று பேர். தங்கை புருஷனை இழந்தவள், மருத்துவச்சி. நாற்பதைக் கடந்தும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். காலையில் எழுந்ததும் அவர் ஜன்னல் பக்கம் நின்று கண்ணை மூடிக் கடவுளிடம் ஏதோ முணுமுணுப்பார். என்ன கேட்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் அண்ணி விடாமல் கேட்டபோது, "கேக்கிறதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆஜர் குடுக்கிறேன்" என்றார்.

போரில் தோற்ற செய்தி வந்தபோது ஊரில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். சமாதானப் பேச்சில் இரண்டு உடன்படிக்கைகள் எழுதி வைத்திருந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். ஒன்று, எல்லையில் கொஞ்சம் நிலத்தைக் கொடுத்து, அபராதம் கட்டி, தலை குனிந்து நிற்கிற உடன்படிக்கை. அதுதான் வரும் என்று எல்லாரும் நம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலை மறைத்திருந்த கறுப்புத் துணியைக்கூடக் கிழித்துப் போட்டார். வந்தது இன்னொன்று. தோற்றவன் இனித் தலைமுறைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து எழுதியது. ஆலைகளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேட்கிறபோதெல்லாம் ஆட்களை அனுப்ப வேண்டும். ஜெயித்தவர்கள் நாட்டுச் சுரங்கத்திலும் சதுப்பிலும் வேலை செய்ய. அதற்கு 'உழைப்புக் கடன்' என்று பெயர் வைத்தார்கள். இவ்வளவையும் சேர்த்து வைத்த பெயர் நிரந்தர சமாதானம். நல்ல சொல் ஒன்றை எடுத்துக் கழிப்பறைக்குக் கதவாக மாட்டியதுபோல இருந்தது.

அதில்தான் கொழுப்பு விதியும் இருந்தது. சோப்பு காய்ச்சும்போது அடியில் கிளிசரின் இறங்கும். அதில் வெடிமருந்து செய்யலாம். ஆகவே நாட்டில் உள்ள கொழுப்பு, எண்ணெய் எல்லாம் அவர்கள் கணக்கு. சோப்பு ஆலை ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்தார்கள், அவர்களுக்குக் காய்ச்சிக் கொடுக்க. ஒரு வில்லை சோப்புகூட வெளியே போகக் கூடாது. வீட்டில் சாம்பலையும் கொழுப்பையும் கலந்து காய்ச்சினால் சிறை.

மனிதன் சோப்பு இல்லாமல் எவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறான் என்பது பார்த்தால்தான் தெரியும். முதலில் தலை அரித்தது. பிறகு துணிகள் சாம்பல் நிறமாகி, மடிப்பில் கறுத்து, எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் பழைய வியர்வையின் புளிப்பு போகவில்லை. கோயிலில் நெருக்கிக்கொண்டு நின்றால் பிரார்த்தனையில் மனம் போகாது, முன்னால் நிற்பவர் கழுத்துதான் கண்ணில் படும். பேன், சிரங்கு, கண்ணோரத்தில் பீளை. இந்த அழகில் தெருவுக்குத் தெரு அவர்கள் ஒட்டிய சுவரொட்டி வேறு: தொட்டி நிறைய நுரை, அதில் ரோஜா நிறத்தில் சிரிக்கும் ஒரு குழந்தை, மேலே 'சுத்தமே நாகரிகம்' என்று நம் எழுத்திலேயே. ஆலைக்கு வரும் அவர்கள் அதிகாரி வெள்ளைக் கையுறை போட்டிருப்பார். வாசனை தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவார். எடுத்துக்கொண்டவனே முகம் சுளிக்கிறான். கடவுள் பொறுமைசாலி. இதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

தங்கைக்குத்தான் இதில் தலைபோகிற சிக்கல். பிள்ளை எடுக்கப் போனால், நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி கழுவி, அதன் பிறகுதான் தொடுவாள். சோப்பு நின்றதும் சாம்பலைத் தேய்த்தாள், மணலைத் தேய்த்தாள், கொதிக்கிற தண்ணீரில் கையை விட்டாள். கை வெடித்தது. வெடிப்புக்குள் அழுக்கு தங்கியது. பூட்டுக்காரர் மனைவிக்குப் பிள்ளை சுகமாகத்தான் பிறந்தது. பிறகு அவளுக்கு ஜுரம் கண்டது. அந்த ஜுரத்தின் வாடை அறை வாசலிலேயே அடிக்கும், அழுகிய பழம் மாதிரி. அவள் போனாள். அடுத்து டிராம் ஓட்டுநரின் மகள். அவளும் அதே வாடையோடு போனாள். ஜெயித்தவர்களின் மருத்துவர் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: தாய்மார்கள் சாவது உங்கள் மக்களின் அசுத்தமான பழக்கங்களால் என்று.

தங்கை அதைத் தெருவில் நின்று படித்துவிட்டு வந்து, இரண்டு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட வா" என்றாள் அண்ணி.

"அண்ணி, இந்தக் கை இனி பிள்ளை எடுக்காது."

"ஏன், கைக்கு என்ன?"

"ரெண்டு பேரைக் கொன்னிருக்கு."

அண்ணி அவளை அதட்டினாள், சமாதானம் சொன்னாள், கடைசியில் தானும் அழுதாள். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அடுத்து யாருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"பால்காரர் மருமகளுக்கு. மழைக்காலத்துக்கு நம்ம தையல்காரர் மனைவி வேற முழுகாம இருக்கா. அவளுக்குத் தலைப்பிள்ளை. நான் மாட்டேன் அண்ணா. வேற யாராவது போகட்டும்."

"வேற யார் இருக்கா?"

வேறு யாரும் இல்லை.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவர் படியேறி வரும்போதே விசித்திரமாகச் சத்தம் கேட்டது. அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மொடமொடவென்று. அண்ணி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். "என்னங்க இது, அட்டைப் பெட்டிக்குள்ள ஆள் நடந்து வர்ற மாதிரி?"

"கதவைச் சாத்து. பாப்பா, சுடுதண்ணி போடு."

சட்டையைக் கழற்றினார். உள்ளே பனியன் விறைத்துப்போய் பலகை மாதிரி நின்றது. அதை உரித்தபோது தோலும் கூட வருமோ என்று அண்ணி பயந்துவிட்டாள். மார்பும் முதுகும் வெந்நீர் கொட்டியதுபோலச் சிவந்திருந்தன. பனியனைத் தங்கை கையில் கொடுத்து, "பாத்திரத்துல போடு" என்றார்.

தண்ணீர் வெளுத்தது. பிறகு நுரைத்தது. தங்கை கையை உள்ளே விட்டாள். விரலுக்கிடையில் அந்த வழவழப்பைத் தொட்டதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கொப்பரையில் சோப்பு கடிக்காத பதம் வந்ததும் பனியனைக் கழற்றி முக்கிப் பிழிந்து, நீராவிக் குழாயின்மேல் காயப் போட்டு, மணி அடிக்குமுன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் பையைத் தடவுவார்கள், செருப்பைத் தட்டுவார்கள், வாயைத் திறக்கச் சொல்வார்கள். நாறிப்போன பனியனை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

"அண்ணா, இது திருட்டில்லையா?"

"கடவுள்கிட்ட கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. வேணாம்னா சொல்லியிருப்பாரே."

பால்காரர் மருமகளுக்கு ஜுரம் வரவில்லை. பிறகு பெற்றவர்களுக்கும் வரவில்லை. தங்கையின் கைவெடிப்புகள் மூடின. ஆனால் அண்ணனின் உடம்பு புண்ணாயிற்று. பதம் வந்த சோப்பானாலும், வியர்வையில் ஊறி தினமும் வீடு வரும்வரை தோலில் உரசினால் அரிக்கத்தானே செய்யும். அக்குளில் கொப்புளம், இடுப்பைச் சுற்றிச் சீழ். தடவ ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அண்ணி ஈரத்துணியால் ஒற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர்மேல் அருவருப்பில்லை. கட்டின புருஷன் உடம்பு இந்தக் கதிக்கு ஆனதே என்ற ஆத்திரம்.

"அண்ணா, என் கை சுத்தமா இருக்க நீ தோலை உரிச்சுத் தரணுமா?" என்றாள் தங்கை.

"தோல்தானே, முளைச்சுக்கும்."

"ஆமா, உங்க அண்ணன் பாம்பு பாரு. வருஷத்துக்கொரு சட்டை மாத்துவார்" என்றாள் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மற்ற கொப்பரைக்காரர்களும் கண்டுகொண்டார்கள். நீராவிக் குழாயில் ஒரு பனியன் தொங்கிய இடத்தில் வரிசையாகத் தொங்கியது. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. சாயங்காலம் வாசலில் நிற்கும் வரிசையே மொடமொடத்தது.

வாசலில் சோதனை போடுகிறவன் நம் ஆள்தான். முன்பு டிராமில் டிக்கெட் கிழித்தவன். ஜெயித்தவர்கள் வந்ததும் முதல் ஆளாகப் போய் வேலை கேட்டு, பூட்ஸ் வாங்கிக்கொண்டான். ஒவ்வொருவரையும் கழுத்துப்பக்கம் மோந்து பார்த்து அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு உத்தரவு. சோப்பு ஆலையில் சோப்பு மணக்காதவன் யார்? ஆனாலும் மோந்து பார்த்தான். அவனுக்கு மூக்கு என்று பெயர் வந்தது. நாக்கும் மூக்கும் ஒரே முகத்தில் இருந்தும் பேசிக்கொள்வதில்லை என்று ஆலையில் சிரிப்பார்கள்.

"மூக்கு நல்லா வேலை செய்யுதா?" என்று ஒருநாள் நாக்கண்ணன் கேட்டார்.

"நீ குளிச்சு எத்தனை மாசமாச்சுன்னு சொல்ற அளவுக்கு செய்யுது. போய்யா."

அவர் அந்தப் பக்கம் போனதும், தாழ்ந்த குரலில், "பனியன் நல்லா காஞ்சிருக்கு போல" என்றான். நாக்கண்ணன் திரும்பிப் பார்க்காமல் நடையை எட்டிப் போட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, குழாயில் காயும் வரிசையில் காலர் வைத்த, பித்தான் போட்ட சட்டை ஒன்றும் சேர்ந்திருக்கிறது என்று. கொப்பரைக்காரர்கள் யாரும் காலர் வைத்த சட்டை போடுவதில்லை.

கோடை முழுக்க இப்படியே போயிற்று. வெயில் இருந்தவரை யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. சோப்பிலேயே பிழைக்கிற மனுஷர்கள், சோப்பும் தண்ணீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மறந்துபோனார்கள். கடவுள் எதை மறைக்க நினைக்கிறாரோ அதை நம் கண்ணெதிரிலேயே வைப்பார்.

மழைக்காலத்தின் முதல் மாலை. ஜெயித்தவர்களின் நாட்டிலிருந்து படம் பிடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். சமாதானம் எவ்வளவு சீராக நடக்கிறது என்று தங்கள் ஜனங்களுக்குக் காட்டவாம். வேலை முடிந்தவர்களை முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அதிகாரி கைக்குட்டையோடு முன்னால் நின்றார். மூக்கு தன் காலர் சட்டையில் விறைப்பாக நின்றான். காமிரா சுற்ற ஆரம்பித்தது. அப்போது மழையும் ஆரம்பித்தது.

வாசல் கம்பிக்கு வெளியே தங்கை நின்றாள். தையல்காரர் மனைவிக்கு மதியமே வலி கண்டுவிட்டது. பனியனுக்காக வீட்டில் காத்திருக்க நேரமில்லை, அண்ணனை வழியிலேயே பிடித்து வாங்கிக்கொண்டு ஓடலாம் என்று வந்திருந்தாள். கையில் பாத்திரமும் இருந்தது.

முதலில் ஒருவன் தோளில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பறவை எச்சம் போல. அது பெரிதானது. பக்கத்தில் இருந்தவனுடைய கழுத்தோரம் வெள்ளையாகக் குமிழிட்டது. நாக்கண்ணன்தான் எல்லாரையும் விட அதிகம் முக்கி எடுத்திருந்தார். தையல்காரர் மனைவிக்கு நாள் நெருங்கிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அவர் மார்பிலிருந்து நுரை பொங்கி, சட்டையின் பித்தான் இடைவெளியில் வழிந்து, இடுப்பு வாரைத் தாண்டி முழங்காலுக்கு இறங்கியது. அவர் இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தார். அமுக்க அமுக்க இன்னும் பொங்கியது. வரிசை முழுக்க மனிதர்கள் தங்களைத் தாங்களே அமுக்கிக்கொண்டு நின்றார்கள். காமிராக்காரன் சிரிக்க ஆரம்பித்தான். அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு அவர் திரும்பி மூக்கைப் பார்த்தார். மூக்கின் காலரைச் சுற்றி, மாலை போட்டதுபோல அழகாக நுரை எழும்பியிருந்தது.

மூக்கு கழுத்தைத் தடவிப் பார்த்தான். கையைப் பார்த்தான். "ஐயா, இவன்தான்!" என்று நாக்கண்ணனைக் காட்டினான். "இவன்தான் ஆரம்பிச்சான். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவன் இவன்தான் ஐயா! நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன்!" பேசப் பேச அவன் கழுத்தில் நுரை வெடித்துக்கொண்டிருந்தது. நாக்கண்ணன் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. தட்டில் விழுந்த ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"யாருக்காக எடுத்துப் போனாய்?" என்று அதிகாரி கேட்டார்.

"என் உடம்பு அரிக்குதுங்க. எனக்காகத்தான்."

"வெளியே யாரிடமாவது கொடுத்தாயா?"

"இல்லீங்க."

அதிகாரிக்கு இந்த வேடிக்கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கத் தோன்றியது. கழுவிவிடுங்கள் என்றார். எல்லாரையும் துணியை அவிழ்க்கச் சொல்லி, தீயணைப்புக் குழாயை வைத்துப் பீய்ச்சி அடித்தார்கள். வயசாளிகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், கையால் மறைத்துக்கொண்டு குனிந்தார்கள். புண்ணின்மேல் தண்ணீர் பட்டு நாக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். துணிகளைக் குவியலாகப் போட்டு அதன்மேலும் அடித்தார்கள். முற்றம் முழுக்க முழங்காலளவு நுரை. அது வாசல் கம்பிக்கு அடியில் நுழைந்து, தெருச் சாக்கடையில் இறங்கி, குதிரைச் சாணத்தோடும் எலும்புத் துண்டுகளோடும் சேர்ந்து ஓடியது.

பிறகு வாசலில் நின்ற ஒரு பெண் தலைத்துணியை அவிழ்த்துச் சாக்கடையில் தோய்த்தாள். அவ்வளவுதான். தெருவே இறங்கிவிட்டது. வாளி, தொப்பி, குழந்தையின் கவுன், எது கிடைத்ததோ அதோடு. முட்டிபோட்டு, ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துத் தள்ளி, "ஏய், இது என் பக்கம்!" என்று கத்தி, மலமும் மசியும் கலந்த நுரையை அள்ளினார்கள். ஒருத்தி அங்கேயே பிள்ளையின் தலையில் தேய்த்தாள். பார்க்கக் குடலைப் புரட்டியது. அதைவிடக் குமட்டியது காமிரா அந்தப் பக்கம் திரும்பியதுதான். இனி அந்த நாட்டில் படம் பார்க்கிறவன் ஒவ்வொருவனும், இந்த ஜனங்கள் சாக்கடையில் குளிக்கிறவர்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவான்.

தங்கையும் இறங்கினாள். உள்ளே அண்ணன் அம்மணமாக நின்று குழாய்த் தண்ணீரின் அடி வாங்குகிறார். அவள் பாத்திரத்தைச் சாய்த்து நுரை அள்ளிக்கொண்டிருந்தாள். தையல்காரர் மனைவியின் வலி மட்டும்தான் அவள் காதில் கேட்டது. பாத்திரம் நிறைந்ததும் நிமிர்ந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களுக்கு ரேஷனைக் குறைத்தார்கள். மூக்கின் பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு விரட்டினார்கள். நாக்கண்ணனை உழைப்புக் கடனில் சேர்த்தார்கள். சுரங்கம் என்றார்கள், சதுப்பு என்றார்கள், எத்தனை வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. வண்டி அன்று ராத்திரியே புறப்படுகிறது. சரக்கு ரயில் நிற்கும் இடத்தில் சொந்தக்காரர்கள் ஒரு நிமிஷம் பார்க்கலாம்.

தையல்காரர் வீடு அந்த வழியில்தான். தங்கை முதலில் தன் வீட்டு மாடிக்கு ஓடி அண்ணியிடம் சொன்னாள். அண்ணிக்குக் கால் வீங்கிப் படி இறங்க முடியாது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அழவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினாள். பாத்திரத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு தங்கை தண்டவாளத்துக்கு ஓடினாள்.

மாடு ஏற்றும் ரயில் பெட்டியில் ஆட்களை அடைத்திருந்தார்கள். கதவுப் பலகைக்கு இடையில் அண்ணனின் முகம் தெரிந்தது. யாரோ கொடுத்த சாக்கைப் போர்த்தியிருந்தார்.

"அண்ணா."

"உன் அண்ணி எப்படியிருக்கா?"

"அங்க போயி எதையும் நக்கிப் பார்க்க வேணாம்னு சொன்னா."

அவர் சிரித்தார். பெட்டிக்குள் இருந்த யாரோ ஒருவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தங்கைக்குத் தாங்கவில்லை.

"உன்னை அந்த நிலைமையில நிக்க வெச்சிருந்தாங்க. நான் உன்னைப் பார்க்காம குனிஞ்சு அள்ளிட்டு இருந்தேன் அண்ணா. நாய் மாதிரி."

"பார்க்காம இருந்தது நல்லது. பார்க்கிற மாதிரி இல்ல." பலகை இடுக்கில் விரலை விட்டு அவள் கையைத் தொட்டார். "தையல்காரர் மனைவிக்கு வலி எப்படி?"

"நெருங்கிடுச்சு. இதோ இதை வெச்சு..." சால்வையை விலக்கிப் பாத்திரத்தைக் காட்டினாள். நுரை பாதி அடங்கிவிட்டது. அடியில் கறுப்பாக ஏதோ சுழன்றுகொண்டிருந்தது. ஒரு மயிர்க்கற்றையும், வைக்கோலும், எலும்புச் சில்லும் மிதந்தன. வாடை மேலே வந்தது.

அண்ணன் அதையே பார்த்தார். எஞ்சின் கூவியது. காவலாள் நேரம் முடிந்தது என்று கத்தினான். பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர ஆரம்பித்தபோது அவர் முகத்தைப் பலகையோடு ஒட்ட வைத்து, வேகமாகச் சொன்னார்:

"பாப்பா, இதுல கையை வெச்சிடாதே. சாக்கடைத் தண்ணி. இதை ஊத்தி அவ வீட்டுத் தரையைக் கழுவு, கட்டில் காலைக் கழுவு. கைக்கு வெறும் கொதிச்ச தண்ணிதான், ஆறவெச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவு. அழாதே, கண்ணைத் துடைச்சா மறுபடி கழுவணும். போ, அவ கத்திட்டிருப்பா, ஓடு."